மருந்துக்கடை யார் பெயரில்?

ஜெர்மனியில் மருந்துக்கடை வைக்க வேண்டுமானால் மருந்தாளுநராக இருக்க வேண்டும். ஒருவர் ஒரு தலைமைக் கடையும் அதற்கு அருகில் மூன்று கிளைகளும் நடத்தலாம், அதற்கு மேல் கூடாது. இருவர் கூட்டாக நடத்தினால் இருவருமே உரிமம் பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். முதலீட்டாளர்கள் பங்கு போட்டு நடத்தும் கம்பெனிக்கு அங்கே கடை வைக்க அனுமதி இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்தது. அது செல்லும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 மே 19 அன்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மருந்துக்கடையின் பெரும்பான்மைப் பங்கு மருந்தாளுநர்களிடம் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1963இலிருந்து நடப்பில் உள்ளது. அதை நீக்கலாமா என்று 2014இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியபோதும் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தியா வேறு பாதையில் போனது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும் 1945ஆம் ஆண்டின் விதிகளும் கடை முதலாளி என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதில்லை. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கும்போது பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் கொடுக்கிறாரா, அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்கப்படுகிறதா என்பதை மட்டுமே கேட்கின்றன. விதி 65இன் இரண்டாம் உட்பிரிவு அது. பணம் ஒருவருடையது, படிப்பு இன்னொருவருடையது என்று பிரிந்து கிடப்பதற்கு இங்கே தடையில்லை. சிற்றூர்கள்வரை மெடிக்கல் ஷாப் பரவியதற்கு இந்தத் தாராளம் ஒரு காரணம். மருந்தாளுநர் தன் சான்றிதழை மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பதற்கும் இதுவே காரணம். சட்டம் போட்ட கண்ணாடிக்குள் சான்றிதழ் தொங்கும், ஆள் இருக்கமாட்டார். தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது.

கடை தொடங்குகிறவர் ஆடிட்டரிடம் முதலில் கேட்பது, “புரொப்ரைட்டர்ஷிப்பா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா, எதில் வரி குறைவு?” என்பதுதான். துணிக்கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் அந்தக் கேள்வி போதும். மருந்துக்கடைக்குப் போதாது. இங்கே சட்ட வடிவம் என்பது உரிமம் யார் கையில் நிற்கிறது, அவருக்கு ஏதாவது ஆனால் கடை திறந்திருக்குமா, தவறு நடந்தால் சிறைக்குப் போவது யார் என்ற மூன்றையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. மருந்தாளுநரை உரிமையாளராகவோ கூட்டாளியாகவோ ஆக்கும் வடிவமே மருந்துக்கடைக்கு ஏற்றது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சட்டத்திலிருந்தும் கணக்கிலிருந்தும் எடுத்து வைக்கிறேன்.

முதலில் உரிமம். சில்லறை விற்பனைக்குப் படிவம் 20, படிவம் 21 என்று இரண்டு உரிமங்கள் வாங்க வேண்டும். தடுப்பூசி, இன்சுலின் போன்ற உயிரியல் மருந்துகளும் ஊசி மருந்துகளும் இரண்டாவதில் வரும். கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும், மொத்த விற்பனையும் சேர்த்துச் செய்தால் 15. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் கட்டினால் அது நீடிக்கும். ஆனால் அது குறிப்பிட்ட முகவரியில் குறிப்பிட்ட ஆளுக்கோ அமைப்புக்கோ கொடுக்கப்பட்ட அனுமதி. வீடு, நிலம் போல வாரிசுக்குத் தானாக இறங்கும் சொத்து அல்ல. கூட்டு நிறுவனத்தின் அமைப்பு மாறினால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், குறிப்பிட்ட மாதங்களுக்குள் புதிய அமைப்பின் பெயரில் புதிய உரிமம் வாங்க வேண்டும் என்று உரிமத்தின் நிபந்தனையிலேயே அச்சிட்டிருக்கிறது. படித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

தனி உரிமையாளராக இருந்த தந்தை இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடித்து, மகன் கடையைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அலமாரி நிறையச் சரக்கு இருக்கிறது, வாடிக்கையாளரும் வந்துவிட்டார். உரிமம் மட்டும் இறந்தவர் பெயரில் இருக்கிறது. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் மருந்து விற்பது பிரிவு 18(சி)யை மீறிய குற்றம். பிரிவு 27(பி)(ii)இன்படி அதற்குக் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு சிறை. அபராதம் ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாது. மொத்த விற்பனையாளர் உரிம எண் இல்லாமல் பில் போட முடியாது. பான் எண் மாறுவதால் ஜிஎஸ்டி பதிவும் புதிதாக எடுக்க வேண்டும். நடப்புக் கணக்கு வங்கியில் முடங்கிவிடும். அதற்குள் காலாவதித் தேதியை எட்டும் சரக்கு எட்டிவிடும். துக்க வீட்டில் யாரும் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டியவர் கடையைத் தொடங்குகிறவர்.

இவ்வளவு பலவீனம் இருந்தும் தனியுரிமைக் கடைகள் ஏன் இவ்வளவு பெருகிக் கிடக்கின்றன என்பதற்கு வரிக் கணக்கு பதில் சொல்லும். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் விற்கும் கடையை எடுத்துக்கொள்வோம். உத்தேச வருமான முறையில், வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டினால் போதும். எல்லாம் வங்கி வழியே வந்திருந்தால் லாபம் 9 லட்சம், எல்லாம் ரொக்கமென்றால் 12 லட்சம். புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் தனிநபருக்கு 12 லட்சம் ரூபாய்வரை வருமான வரி இல்லை. இரண்டு கணக்கிலும் தனி உரிமையாளர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். விரிவான கணக்குப் புத்தகமும் தணிக்கையும் தேவைப்படாது.

அதே கடை கூட்டு நிறுவனமாக இருந்தால் வரி முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. உத்தேச முறையில் 9 லட்சம் காட்டினால் வரி 2,80,800 ரூபாய். இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் பார்ட்னர்ஷிப் வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. உத்தேச முறையை விட்டு முறையாகக் கணக்கு வைத்தால், கடையில் உழைக்கும் கூட்டாளிக்குக் கொடுக்கும் ஊதியத்தைச் செலவாகக் கழிக்கலாம். தற்போதைய விதிப்படி லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம்வரை கழிக்க இடமுண்டு. 9 லட்சத்துக்கு 5.4 லட்சமும் 1.8 லட்சமும் சேர்ந்து 7.2 லட்சம் கழிந்துவிடும். மிஞ்சும் 1.8 லட்சத்துக்கு வரி 56,160 ரூபாய். ஊதியம் பெற்ற கூட்டாளிக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அவர் கையில் வரி இருக்காது. ரொக்க விற்பனை நடக்கும் கடைக்கு இந்த அளவு விற்றுமுதலில் தணிக்கை கட்டாயமாகும், அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படியும் தொகை மலைக்க வைப்பதில்லை. ஆனால் ஊதியம் கூட்டுப் பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் இந்தக் கழிவு. கடையில் கிடைக்கும் ஆயத்தப் பத்திரத்தில் பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இழப்பது இங்கேதான்.

பார்ட்னர்ஷிப் பத்திரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மருந்துக்கடையின் பெரும்பாலான சண்டைகளுக்கும் தீர்வுகளுக்கும் இடம் அதுதான். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு கூட்டாளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். எனவே “ஒருவர் இறந்தாலும் கூட்டு தொடரும்” என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். இரண்டே பேர் உள்ள கூட்டில் அந்த வரி காப்பாற்றாது. ஒருவர் போனபின் மிஞ்சுவது ஒருவர், ஒருவரே கூட்டாக இருக்க முடியாது. சேத் கோவிந்த்ராம் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965இல் சொன்னது இதையே. நம் ஊர் மருந்துக்கடைக் கூட்டுகளில் இரண்டு பேர் கூட்டு மிக அதிகம்: பணம் போட்டவர் ஒருவர், மருந்தாளுநர் ஒருவர். மூன்றாவதாக ஒருவரைச் சிறு பங்குக்காவது சேர்த்துக்கொண்டால், ஒருவர் மறைந்தாலும் மற்ற இருவரும் கடையை மூடாமல், உரிமத்துக்கான அவகாசத்துக்குள் புதிய விண்ணப்பம் போட முடியும். வீட்டிலிருக்கும் மனைவியோ மகளோ அந்த மூன்றாமவராக இருக்கலாம். செலவில்லாத ஏற்பாடு, பல குடும்பங்களைக் காப்பாற்றக்கூடியது.

பத்திரத்தைப் பதிவு செய்வதையும் தள்ளிப் போடுகிறார்கள். பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியாள்மேல் வழக்குப் போட முடியாது. பிரிவு 69 தடுக்கிறது. பக்கத்து நர்சிங் ஹோமுக்கு மாதக் கடனில் மருந்து கொடுக்கும் கடைக்கு இந்தத் தடை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. விலகுகிறவருக்குக் கணக்கு முடிப்பது எப்படி என்று எழுதாவிட்டால், முடிக்கும்வரை அவருடைய சொத்துப் பங்கு உழைத்த லாபத்தையோ அந்தப் பங்குக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ அவர் கேட்கலாம். சரக்கை எந்த விலையில் மதிப்பது, காலாவதி நெருங்கிய மருந்தை யார் தலையில் கட்டுவது, கடையின் பெயர் யாருக்கு என்பவற்றை நட்பாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். மருந்தாளுநர் கூட்டாளி எந்த நேரத்தில் கடையில் இருப்பார், விலகுவதென்றால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும். மருந்தாளுநர் மாறினால் உரிம அதிகாரிக்கு ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால் இது வெறும் உள்விவகாரம் அல்ல.

இனி, லிமிடெட் என்ற சொல் தரும் தைரியத்தைப் பார்ப்போம். கடன் கம்பெனியோடு நிற்கும், வீடு தப்பும் என்பது அதன் கவர்ச்சி. கடன் விஷயத்தில் அது பாதி உண்மை. சிறிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி இயக்குநர்களின் சொந்த ஜாமீனை வாங்காமல் கொடுப்பது அரிது. மருந்துச் சட்டத்தின் முன் அந்தக் கவசமே இல்லை. குற்றம் நடந்த நேரத்தில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரும் கம்பெனியோடு சேர்ந்து குற்றவாளி என்கிறது பிரிவு 34. கூட்டு நிறுவனமும் அந்தப் பிரிவுக்குள் வரும், அங்கே இயக்குநரின் இடத்தில் கூட்டாளி நிற்பார். தனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். பெயரளவுக்கு இயக்குநராக இருப்பதாலேயே ஒருவரைத் தண்டிக்க முடியாது, பொறுப்பில் இருந்தார் என்று காட்ட வேண்டும் என்று 1998இல் ஹரியாணா அரசு எதிர் பிரிஜ் லால் மித்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொலைவில் இருக்கும் முதலீட்டாளருக்கு இந்தத் தீர்ப்பு ஆறுதல். கல்லாவில் உட்கார்ந்து கொள்முதலையும் விற்பனையையும் தானே பார்க்கும் உரிமையாளருக்கு இதில் ஒன்றுமில்லை, ஏனென்றால் பொறுப்பில் இருந்தவர் அவரே. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் பிரிவு 27(டி)இன் கீழ் வரும் குற்றங்களைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்தது. போலி மருந்தும் உரிமமில்லா விற்பனையும் அந்தச் சலுகைக்கு வெளியே.

எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை பற்றிப் பலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இந்த வடிவத்தில் ஒரு கூட்டாளி செய்த தவறுக்கு இன்னொரு கூட்டாளியின் வீடு போகாது. நல்ல விஷயம்தான். ஆனால் தன் கையால் செய்த தவறுக்குத் தானே பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு மாத்திரைக்குப் பதில் பெயர் ஒத்த இன்னொன்றை மாற்றிக் கொடுத்த மருந்தாளுநர் கூட்டாளிக்கு எல்எல்பி தடுப்பாக நிற்காது. விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் கணக்குத் தணிக்கை கட்டாயம். நாளொன்றுக்கு 11,000 ரூபாய் விற்கும் கடை அந்த எல்லையைத் தாண்டிவிடும். உத்தேச வருமான முறையும் எல்எல்பிக்குக் கிடையாது. ஒரே ஒரு தெருமுனைக் கடைக்கு இது தேவையில்லாத சுமை என்றே நினைக்கிறேன். மூன்று நான்கு மருந்தாளுநர்கள் சேர்ந்து ஆளுக்கொரு கடையைப் பொறுப்பேற்று நடத்தும் இடத்தில்தான் எல்எல்பி தன் பயனைக் காட்டும். ஒரு கடையின் தவறு இன்னொரு கடைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டாது.

அதிகம் பேசப்படாத ஒரு வடிவம் ஒருநபர் கம்பெனி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் இதைக் கொண்டுவந்தது. விற்றுமுதல் 2 கோடியைத் தாண்டினால் சாதாரணக் கம்பெனியாக மாற வேண்டும் என்றிருந்த கட்டுப்பாடு 2021 ஏப்ரலில் நீங்கியது. தனியாகக் கடை நடத்தும் மருந்தாளுநருக்கு இதில் இருக்கும் உண்மையான நன்மை வாரிசு விஷயம். பதிவு செய்யும்போதே நியமனதாரர் ஒருவரின் பெயரைக் கொடுத்தாக வேண்டும். உரிமையாளர் இறந்தால் அவர் உறுப்பினராகிவிடுவார். உரிமம், ஜிஎஸ்டி, பான், வங்கிக் கணக்கு எல்லாம் கம்பெனியின் பெயரில் இருப்பதால் கம்பெனி சாவதில்லை. மாற்றத்தை உரிம அதிகாரிக்குத் தெரிவித்து, புதிய மருந்தாளுநரை நியமித்துக் கடையைத் தொடரலாம். உரிமையாளர் இயக்குநராகச் சம்பளம் எடுத்துக்கொள்ளலாம், அது கம்பெனிக்குச் செலவு. மிஞ்சும் லாபத்துக்குச் சலுகை முறையைத் தேர்ந்தெடுத்தால் வரி, கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து, 25.168 சதவீதம். விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் தணிக்கை உண்டு. ஆண்டுக்கொரு தணிக்கைச் செலவைத் தாங்கக்கூடிய, பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் ஐம்பது வயது மருந்தாளுநர் இதைத் தீவிரமாக யோசிக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட் பல கடைகளுக்கான வடிவம். வெளியாரின் முதலீடு வாங்கவும், கடைகளை ஒரே குடையின்கீழ் வைக்கவும் ஏற்றது அது. அதன் உச்சத்தில் என்ன நடக்கிறது என்பதை அப்போலோ காட்டுகிறது. அப்போலோ மருத்துவமனை நிறுவனம் தன் மருந்தகச் சங்கிலியின் முன்வரிசைக் கடைகளை 2020இல் தனி நிறுவனத்துக்கு மாற்றியது. அந்தத் தனி நிறுவனத்தின் தாய் நிறுவனத்தில் மருத்துவமனை நிறுவனம் வைத்திருந்த பங்கு 25.5 சதவீதம். பல பிராண்டுகளை விற்கும் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு 51 சதவீத உச்சவரம்பும் அரசு அனுமதியும் நிபந்தனைகளும் உண்டு. மாநிலமும் சம்மதிக்க வேண்டும். பங்குச் சந்தையில் அந்நிய முதலீட்டாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் மருந்துக்கடையை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதை இந்த விதிகள் தீர்மானிக்கின்றன. எவ்வளவு பெரிய சங்கிலியானாலும் ஒவ்வொரு கடைக்கும் தனி உரிமம்தான். ஒவ்வொரு கடையிலும் ஒரு மருந்தாளுநர் இருந்தாக வேண்டும்.

அந்த மருந்தாளுநரிடம் திரும்பி வருவோம். விதி 66இன்படி உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தவறு ஊழியர் செய்தது, உரிமையாளரோ கூட்டாளியோ இயக்குநரோ தூண்டவில்லை, உடந்தையாகவும் இல்லை, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் இதுபோன்ற தவறு நடக்கவும் இல்லை என்று நிரூபித்தால் உரிமம் பிழைக்கும் என்று அதில் ஒரு விலக்கு இருக்கிறது. இதைக் காட்டி ஒரு வாதம் வைக்கலாம்: மருந்தாளுநர் சம்பள ஆளாக இருந்தால் அவருடைய தவறுக்கு இந்த விலக்கைக் கேட்கலாம், அவரையே கூட்டாளியாக்கினால் அந்தக் கதவு மூடிவிடுமே? மூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலக்கின் பின்னால் ஒளிந்துகொள்ளும் கடைகளில் நடப்பது என்ன? பரிந்துரைச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் போகிறது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, நோயாளி பெயரும் மருத்துவர் பெயரும் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டிய பதிவேடு, ஆய்வாளர் வருவதாகத் தெரிந்தபின் ஒரே பேனாவில் நிரப்பப்படுகிறது. தன் பணமும் பெயரும் கடையில் இருக்கும் மருந்தாளுநர் இதற்கு எளிதில் சம்மதிக்கமாட்டார். சம்பளமோ வாடகையோ வாங்குகிறவர் மறுத்தால் அவர் இடத்துக்கு இன்னொரு சான்றிதழ் வந்துவிடும்.

பணம் போடுகிறவருக்கும் இதில் நட்டமில்லை. அரசு விலை நிர்ணயித்த மருந்துகளில் 2013ஆம் ஆண்டு ஆணைப்படி சில்லறைக் கடையின் லாபம் 16 சதவீதம், மற்றவற்றில் வழக்கமாக 20. அதிலிருந்துதான் வாடகை, மின்சாரம், தள்ளுபடி, வட்டி எல்லாம். இவ்வளவு மெல்லிய லாபத்தில் ஓடும் கடையை ஒரு மாத உரிம நிறுத்தம் கவிழ்த்துவிடும். பத்து, பதினைந்து சதவீதப் பங்கைக் கொடுத்து அந்த ஆபத்தைக் குறைத்துக்கொள்வது வியாபார புத்தி. பங்கு கொடுக்க மனமில்லாவிட்டால் லாபத்தில் ஒரு பகுதியை ஊதியமாகத் தரலாம். லாபத்தில் பங்கு பெறுவதாலேயே ஒருவர் கூட்டாளி ஆகிவிடமாட்டார் என்று கூட்டாண்மைச் சட்டமே சொல்வதால், அதற்கும் இடமிருக்கிறது. ஆனாலும் இதை இரண்டாவது வழி என்றே சொல்வேன்.

தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்கள் ஒரு பகுதியையும் தனிநபர் தொழில்முனைவோர் ஒரு பகுதியையும் நடத்துகிறார்கள். தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. பி.பார்ம், டி.பார்ம் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும், படிக்காதவர்கள் அப்படிப் படித்தவரின் ஒப்புதலோடு விண்ணப்பிக்கலாம் என்றும் திட்டத்தில் இருக்கிறது. அந்த இரண்டாவது வாசலை அரசு திருத்த வேண்டும். பொதுப் பணம் மானியமாகப் போகும் கடையில் ஒப்புதல் கடிதம் போதாது. பதிவு செய்த கூட்டுப் பத்திரத்தில் மருந்தாளுநருக்குப் பங்கும் ஊதியமும் கடையில் இருக்கும் நேரமும் எழுதியிருந்தால்தான் மானியம் என்று ஒரு நிபந்தனை போட்டால் போதும், புதிய சட்டம் தேவையில்லை. டி.பார்ம் முடித்துவிட்டு முதல் கடையில் சான்றிதழை ஒப்படைக்கப் போகும் இளைஞர்களும் பெண்களும் மாதத் தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பத்திரத்தில் என் பெயர் இருக்குமா என்று கேட்க வேண்டும்.